வால்யூம் வருது மாப்ள

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். விற்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பங்கை, "வால்யூம் வருது மாப்ள, வாங்கிப் போடு" என்று சொல்லி என் மனைவியின் தம்பியை வாங்க வைத்தேன். அவன் வாங்கிய அதே காலையில் நான் விற்று வெளியே வந்தேன். நான் விற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. எதற்காக அவனை வாங்கச் சொல்கிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். விஷயம் இவ்வளவுதான். மீதி எல்லாம், ஒரு கணக்குப்பிள்ளை அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்ற விவரம்.

கணக்குப்பிள்ளை என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. காலையில் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை ஏலத்துக்கு வைத்தார்கள், எத்தனை விலைபோனது, எத்தனை திரும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி உண்டு. விரலிக்கு ஒரு பக்கம், கிழங்குக்கு ஒரு பக்கம். வரத்து வேறு, விற்பனை வேறு என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது. விலை கட்டுப்படியாகவில்லை என்று விவசாயி தலையை ஆட்டிவிட்டால் மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடும். வியாபாரி இருவர் பேசி வைத்துக்கொண்டு ஒரே சரக்கை மாற்றி மாற்றிக் கேட்டால் அதையும் பழகின கண் கண்டுபிடித்துவிடும். இத்தனையும் தெரிந்த ஆள்தான் நான். போனில் பங்குச் சந்தையைத் திறந்தபோது இதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ஊரடங்கு நாட்களில், பங்குகளை வைத்துக்கொள்ள டீமேட் கணக்கு தொடங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். மண்டி பாதி நாள் மூடிக் கிடந்தது. கையில் போன் இருந்தது. விலை ஏறுவதும் இறங்குவதும் சீக்கிரமே பழகிவிட்டது. வால்யூமை, அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைக் காட்டி சார்ட்டின் அடியில் பச்சையும் சிவப்புமாக நிற்கிற கம்பிகள்தான் எனக்கு ஏதோ உள்விவகாரம் தெரிந்தவன் என்ற தோரணையைக் கொடுத்தன. விலையை எல்லோரும் பார்க்கிறார்கள், நான் வால்யூம் பார்க்கிறேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வேன். பச்சைக் கம்பி என்றால் அவ்வளவு பங்கை வாங்கியிருக்கிறார்கள், சிவப்பு என்றால் அவ்வளவை விற்றிருக்கிறார்கள் என்பது என் ஞானம். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. நிறத்தைப் பார்த்தேன், நானே அர்த்தம் கொடுத்துக்கொண்டேன்.

அந்த நிறத்துக்கும் வாங்கல் விற்றலுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைய விலை ஏறி முடிந்தால் முழுக் கம்பியும் பச்சை, இறங்கி முடிந்தால் முழுக் கம்பியும் சிவப்பு, அவ்வளவுதான். ஒரு நாளில் 1 லட்சம் பங்கு வர்த்தகமானது என்றால் 1 லட்சத்தை யாரோ வாங்கியிருக்கிறார்கள், அதே 1 லட்சத்தை யாரோ விற்றிருக்கிறார்கள். வாங்கியதற்கு ஒன்று, விற்றதற்கு ஒன்று என்று இரண்டாக எண்ணுவதும் இல்லை. ஒரு பங்கு கைமாறினால் கணக்கில் ஒன்று. "இன்றைக்கு எல்லோரும் வாங்குகிறார்கள்" என்ற வாக்கியத்துக்குச் சந்தையில் பொருளே கிடையாது. எல்லோரும் வாங்கினால் யாரிடமிருந்து வாங்குவார்கள்? ஒரு கணக்குப்பிள்ளை கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. பற்று எழுதினால் வரவு எழுத வேண்டும் என்று ஆயுசெல்லாம் பழகினவன் கேட்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் உண்மையில் இல்லை என்று கடிதம் எழுதினார். முந்தின நாள் 179 ரூபாயில் முடிந்த பங்கு அன்று 40 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. வால்யூம் வழக்கத்தை விட எத்தனையோ மடங்கு. பிற்பாடு அந்தப் பழைய சார்ட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: அந்தச் சரிவில் விற்று ஓடியவர்களின் ஒவ்வொரு பங்கையும் அன்றைக்கே ஒருவர் ஆசையோடு வாங்கியிருக்கிறார். வால்யூமைப் பார்த்து "நிறையப் பேர் நம்புகிறார்கள்" என்று சொல்லலாம் என்றால், "நிறையப் பேர் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள்" என்றும் அதே எண்ணை வைத்தே சொல்லலாம்.

என் பங்குக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். முப்பது ரூபாய்க்குக் கீழே விற்ற ஒரு சின்ன கம்பெனி. ஒரு டெலிகிராம் குழுவில் அதன் சார்ட்டைப் போட்டு, கம்பியை வட்டமிட்டு, "வால்யூம் பிரேக்-அவுட்" என்று எழுதியிருந்தார்கள். அதுவரை நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகள் கைமாறிக்கொண்டிருந்த இடத்தில் அன்று லட்சக்கணக்கில். கம்பி எழும்பியிருந்த உயரத்தைப் பார்த்து, இத்தனை பேருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தாமதம் என்று நினைத்தேன்.

இத்தனை பேர் என்று எப்படி நினைத்தேன்? வால்யூம் எண்ணுவது பங்குகளை, ஆட்களை அல்ல. இரண்டே பேர் ஒரே ஆயிரம் பங்கைக் காலையிலிருந்து மாலை வரை ஒருவருக்கொருவர் விற்று வாங்கினால் லட்சம் காட்டலாம். சர்க்குலர் டிரேடிங் என்று இதற்குப் பெயர். 2000-2001 காலத்தில் கேதன் பரேக் கூட்டம் குறிப்பிட்ட சில பங்குகளில் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று என்று வழக்கு நடந்து, 2003இல் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபி அவரைச் சந்தையிலிருந்து 14 ஆண்டுகள் விலக்கி வைத்தது. அந்தக் கதை எனக்குப் படித்துத் தெரியும். கேதன் பரேக் பெரிய கம்பெனிகளில் செய்தார், நம்முடையது சின்ன கம்பெனி, இதில் யார் வந்து அவ்வளவு மெனக்கெடப் போகிறார்கள் என்று ஒரு சமாதானம். உண்மை நேர் எதிர். சின்ன கம்பெனியில்தான் சின்னப் பணத்துக்கு அந்தக் கம்பியை உயர்த்த முடியும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்ததும் தப்பு, விலையையும் பார்த்திருக்க வேண்டும். டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் பத்தாயிரம் பங்கு கைமாறினால் 100 கோடி ரூபாய். நான் பார்த்து வாயைப் பிளந்த பங்கு லட்சக்கணக்கில் கைமாறியும் சில கோடியைத் தாண்டியிருக்காது. பங்கின் எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மண்டியில் மூட்டைக் கணக்கை மட்டும் காட்டி குவிண்டால் விலையைச் சொல்லாமல் விட்டால் முதலாளி தாளை முகத்தில் எறிவார். எனக்கு நானே முதலாளி என்பதால் எறிய ஆளில்லை.

இன்னும் ஒன்று இருந்தது. இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. வர்த்தகமான பங்குகளில் எத்தனை உண்மையில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போனது என்று, டெலிவரி அளவைச் சந்தை தினமும் மாலையில் வெளியிடுகிறது. காலையில் வாங்கி மதியமே விற்கிற இன்ட்ராடே ஆட்டம் வால்யூமில் சேரும், டெலிவரியில் சேராது. அதே தாளில் எத்தனை வர்த்தகங்கள் நடந்தன என்ற பத்தியும் இருக்கும். நான் வாங்குவதற்கு முந்தின இரவு அந்தத் தாளை இறக்கிப் பார்த்தேன். டெலிவரி பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. என் மண்டிக் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், நூறு மூட்டைக்குக் கூச்சல் கேட்டது, பத்து மூட்டைகூடக் கிடங்கை விட்டு நகரவில்லை. பார்த்தேன், பக்கத்தை மூடினேன். இன்ட்ராடே ஆட்கள் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் சூடு பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பங்குச் சந்தை இன்ட்ராடேயில் 2022-23இல் இறங்கிய தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு 2024 ஜூலையில் வெளியானது. அந்தச் சூட்டைத்தான் நான் அறிவு என்று எடுத்துக்கொண்டேன்.

வாங்கினேன். மண்டி சீட்டுப் பணம் வந்திருந்தது, அதுவும் உள்ளே போனது. மொத்தம் நான்காயிரம் பங்குகள்.

கொஞ்ச நாள் அப்பர் சர்க்யூட். ஒரு நாளில் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று சந்தை போட்டிருக்கிற வரம்பு அது. பங்கைப் பொறுத்து 2, 5, 10, 20 சதவீதம் என்று இருக்கும். வரம்பைத் தொட்டுவிட்டால் வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், விற்க ஆள் இருக்காது, வால்யூம் சுருங்கிவிடும். சுருங்கின வால்யூமை அப்போது நான் பெருமையாகப் பார்த்தேன்: யாருமே விற்கவில்லை பார். நான்கு பேரிடம் சொன்னேன். மனைவியிடம் லாபத்தைக் காட்டினேன். "வித்துப்போட்டு ஃபிரிட்ஜ் வாங்குங்க" என்றாள். அவளுக்குச் சந்தை தெரியாது என்று சிரித்தேன்.

பிறகு சந்தைக்காரர்கள் அந்தப் பங்கைக் கண்காணிப்பில் வைத்துவிட்டார்கள். வரம்பு 5 சதவீதமாகக் குறைந்தது. டிரேட்-டு-டிரேட் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இன்ட்ராடே கிடையாது, வாங்கினால் பணம் கட்டி எடுத்தே ஆக வேண்டும், விற்றால் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். கூச்சல் போட்டவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். மறுநாளிலிருந்து லோயர் சர்க்யூட், ஒரு நாளில் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற வரம்பு.

லோயர் சர்க்யூட்டில் மாட்டாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலை 9 மணிக்குத் திரையைத் திறந்தால் இரண்டு பக்கம் இருக்கும். விற்க வந்தவர்கள் பக்கம் லட்சங்களில் ஒரு எண். வாங்க வந்தவர்கள் பக்கம் ஐந்து வரிசையிலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்த லட்சங்களுக்குள் எங்கேயோ என் நான்காயிரமும் நிற்கிறது. ஒரே விலையில் பல பேர் விற்க நின்றால் முதலில் ஆர்டர் போட்டவருக்குத்தான் முதல் முறை. அதனால் முந்தின இரவே போனில் ஆர்டர் போட்டு வைப்பேன். அப்படியும் முறை வராது. மாலையில் பார்த்தால் அன்றைய வால்யூம் சில நூறு. அந்தக் குட்டைக் கம்பியைச் சார்ட்டில் பார்க்கிற புது ஆள், விற்பனை நெருக்கடி தணிந்துவிட்டது என்றுதான் நினைப்பான். முன்பு நானும் அப்படி நினைத்திருக்கிறேன், வேறு பங்குகளில். வெளியேற நினைத்தவர்கள் எல்லோரும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தோம் என்பது அந்தக் கம்பியில் தெரியாது.

சர்க்யூட் முடிந்து விலை பாதியாகி, பங்கு அப்படியே படுத்துவிட்டது. மாதக்கணக்கில் நாளுக்கு இருநூறு, முந்நூறு பங்குதான் ஓடும். திரையில் ஒரு விலை காட்டும். அந்த விலைக்கு நான்காயிரத்தைக் கொட்டினால் வாங்க ஆளில்லை. ஐந்து வரிசையையும் என் ஒருவன் ஆர்டரே காலி செய்து விலையை இன்னும் கீழே தள்ளிவிடும். என் மதிப்பு இவ்வளவு என்று போன் காட்டிய தொகை, நான் விற்காத வரைக்கும்தான் செல்லும். இதன் எதிர்ப்பக்கத்துக்கு எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நல்ல சாட்சி. ஏசியன் பெயிண்ட்ஸ் பங்குகளை ஏராளமாக வைத்திருந்த அந்தக் கம்பெனியின் பங்கு சந்தையில் 3 ரூபாய் 53 காசு என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த விலைக்கு விற்க எவருக்காவது பைத்தியமா? வர்த்தகமே இல்லை. பம்பாய் பங்குச் சந்தை தனியாக ஓர் ஏலம் வைத்தபோது, 2024 அக்டோபர் 29 அன்று அதன் விலை 2,36,250 ரூபாயில் முடிந்தது. வால்யூம் இல்லாத இடத்தில் விலை என்பது யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போன எண். எல்சிட்காரர்களுக்கு அது அதிர்ஷ்டத்தின் பக்கம் நின்றது. எனக்கு வேறு பக்கம்.

இப்படி மாட்டிக்கிடந்த காலத்தில்தான் வால்யூமை உண்மையாகப் படித்தேன். டெலிவரி, வர்த்தக எண்ணிக்கை, சராசரி எல்லாம் தினமும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு கம்பெனியின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ பல்க் டீல் என்று சந்தை வெளியிடும் பட்டியலையும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். நான் வாங்கிய வாரத்துப் பட்டியலில் என் பங்கு இருந்தது. "வாங்கியவர்" என்ற வரியை மட்டும் யாரோ வெட்டிக் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில் "விற்றவர்" இருந்தார், அவர் கொடுத்த அளவு அதைவிடப் பெரியது.

2023 மார்ச்சில் சாத்னா பிராட்காஸ்ட் வழக்கில் செபி போட்ட இடைக்கால உத்தரவைப் படித்தேன். யூடியூபில் பொய்த் தகவல்களோடு வீடியோக்கள் வந்தன, விலையும் வால்யூமும் சேர்ந்து ஏறின, ஏறிய வால்யூமில் கணிசமான பகுதி சின்ன முதலீட்டாளர்களுடையது, அந்த நேரத்தில் பெரிய அளவில் பங்கு வைத்திருந்தவர்கள் விற்றார்கள் என்று செபி அதில் சொல்லியிருந்தது. உத்தரவைப் படிக்கப் படிக்க என் கதையையே யாரோ அரசாங்கத் தமிழில் மொழிபெயர்த்ததுபோல் இருந்தது. பெரிதாகப் பங்கு வைத்திருப்பவன் வெளியே போக வேண்டும் என்றால் அவனுக்கு வாங்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் வருவதற்குத்தான் வால்யூம் காட்டப்படுகிறது. அந்த உயரமான கம்பியில் ஒரு துண்டு நான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? நஷ்டத்தை எழுதிவிட்டு ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கவில்லை. எனக்கும் வாங்க ஆட்கள் வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொன்ன மனைவியின் தம்பி, என் மாப்பிள்ளை, ஈரோட்டு வீரப்பன்சத்திரத்தில் நாலு தறி ஓட்டுகிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னைப் படித்த ஆள் என்று நம்புகிறவன். அவன் வருமான வரிக் கணக்கை நான்தான் ஆண்டுதோறும் போட்டுக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அந்த வாரம் என் பங்கில் திடீரென்று கொஞ்சம் அசைவு. இருநூறு ஓடிய இடத்தில் நாலாயிரம், ஐயாயிரம் ஓடியது. யார் அசைத்தார்களோ தெரியாது. இந்த அசைவு போய்விட்டால் அடுத்து எப்போதோ என்ற பயம் மட்டும் எனக்கு இருந்தது.

"ஏனுங் மாமா, நல்லதா ஒன்னு சொல்லுங்களேன், கொஞ்சம் பணம் சும்மா கெடக்குது" என்றான்.

போனை எடுத்து சார்ட்டைக் காட்டினேன். "வால்யூம் வருது பாரு மாப்ள. பத்து மடங்கு, இருபது மடங்கு."

"பச்சையா இருக்குதுங்க."

"ஆமா, பச்சை."

பச்சைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று தெரிந்துதான் ஆமா என்றேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "டெலிவரி எவ்வளவு தெரியுமா? நூறு சதவீதம். ஒருத்தன்கூட ஆட்டம் ஆடல, எல்லாரும் எடுத்து வெக்கிறான்" என்று சொன்னேன். அந்தப் பங்கு அப்போதும் டிரேட்-டு-டிரேடில் இருந்தது. அங்கே இன்ட்ராடேவே அனுமதி கிடையாது என்பதால் டெலிவரி எப்போதும் நூறு சதவீதம்தான். பத்து பங்கு ஓடினாலும் நூறு, பத்தாயிரம் ஓடினாலும் நூறு. சொன்ன எண் சரியானது. அதைச் சொன்ன நோக்கம்தான் பொய்.

அவன் கேட்டான்: "நீங்க வெச்சிருக்கீங்களா மாமா?"

"வெச்சிருக்கேன் மாப்ள" என்றேன்.

இதுவும் உண்மை. நாளைக் காலைக்கு விற்பனை ஆர்டர் போடப் போகிறேன் என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு பங்கைப் பற்றிச் சொல்கிற ஆய்வாளர்கள் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், தங்கள் கையில் அந்தப் பங்கு இருக்கிறதா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014இலிருந்து விதி இருக்கிறது. சாப்பாட்டு இலைக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிற அக்கா புருஷனுக்கு அந்த விதி இல்லை.

திங்கள்கிழமை காலை, திரையில் காட்டிய விலைக்கு நான்காயிரத்தையும் விற்பனைக்கு வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பத்தரை மணிக்குள் எல்லாம் தீர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் யார் வாங்கினார்கள் என்று திரை சொல்லாது. ஆர்டர்களைப் பொருத்துவது கணினி. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. மாப்பிள்ளை வேறு யாரிடமிருந்தோ வாங்கியிருப்பான், நான் வேறு யாருக்கோ விற்றிருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அன்று மாலை அவன் போன் செய்து, "வாங்கிட்டேனுங் மாமா, இரண்டாயிரத்துச் சொச்சம்" என்றான். "நல்லது" என்றேன்.

வரிக் கணக்குக்கு அப்போது கெடு ஜூலை 31. அதற்கு முன்னால் வழக்கம்போல் அவன் வங்கித் தாள்களையும் புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டுகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வேறொரு பங்கை விற்றிருந்தான், அந்த லாபத்தைக் காட்ட வேண்டும். நான் அந்தத் திங்கள்கிழமைத் தாளைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. திறந்தேன்.

கான்ட்ராக்ட் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் எண், ஆர்டர் போட்ட நேரம், வர்த்தக எண், வர்த்தக நேரம், அளவு, விலை எல்லாம் இருக்கும். வர்த்தக எண் சந்தை கொடுப்பது. ஒரு வர்த்தகத்துக்கு ஒரே எண், வாங்கியவர் தாளிலும் அதுதான், விற்றவர் தாளிலும் அதுதான். என் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஓடாத பங்கு, ஒரே காலை, ஒரே விலை. வரி வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண்கள் ஒத்துப்போயின. அவன் வாங்கியதில் பெரும்பகுதி என்னுடையது.

அந்தப் பங்கு அதற்குள் இன்னும் பாதியாகியிருந்தது. விலை ஏறியிருந்தால் இதைக் குற்றம் என்று நினைத்திருப்பேனா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். நினைத்திருக்க மாட்டேன், "நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆகவே நஷ்டம் வந்ததால்தான் எனக்கு மனசாட்சி வந்தது என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் முதலில் சொன்னேன். பாதி நஷ்டத்தை நாம் கொடுத்துவிடலாம் என்றேன். "பாதி எதுக்குங்க? முழுசாக் குடுங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வீரப்பன்சத்திரம் போய், தறிச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையிடம் எண்களைக் காட்டினேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நீங்களே வித்தீங்களா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம், "பரவாயில்லைங்க மாமா" என்றான். கொங்கு நாட்டில் இந்தச் சொல்லை எந்த அளவுக்குக் கோபத்தில் சொல்வார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

அவன் வாங்கிய விலையையே கொடுத்து, பங்குகளை என் டீமேட் கணக்குக்குத் திருப்பி எடுத்துக்கொண்டேன். சந்தை வழியாக அல்ல, அவன் கையெழுத்திட்டுக் கொடுத்த டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன் சிலிப் மூலம், நேரடி மாற்றமாக. இப்படி மாறுகிற பங்குகள் எந்த நாளின் வால்யூமிலும் சேராது. இரண்டாயிரத்துச் சொச்சமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஆண்டு மாப்பிள்ளை வரிக் கணக்கை ஒரு ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டான். கட்டணம் கொஞ்சம் அதிகம் என்று மனைவி மூலமாகக் கேள்விப்பட்டேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டியவர் யாராவது போனை நீட்டி வால்யூம் வருது என்று சொன்னால், வைத்திருக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்று சொல்வது சுலபம், நான் சொன்னேன். விற்க ஆர்டர் போட்டிருக்கிறீர்களா, நாளைக்குப் போடப் போகிறீர்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் போனையே வாங்கி ஆர்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உறவு கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள்.